செருப்புக்கு யார் கொடுத்தது டாக்டர் பட்டம்?

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பிழை திருத்துகிறேன். தினசரி காலண்டர், கல்யாணப் பத்திரிகை, வெடிப் பெட்டி லேபிள், ஊதுபத்திக் கவர், கடலைமிட்டாய்ப் பாக்கெட் என்று என் மேஜையைத் தொடாமல் போன எழுத்து குறைவு. இத்தனை வருஷத்தில் ஒரு வரி மட்டும் என்னை விட்டுப் போகவே இல்லை: 'ரத்த ஓட்டத்தைச் சீராக்கும்.' முதலில் அது ஒரு தைல லேபிளில் வந்தது. பிறகு செம்புக் காப்பு குத்தி விற்கும் அட்டையில் வந்தது. பிறகு ஒரு மெத்தை உறையில். சில வருஷமாகச் செருப்புப் பெட்டியில் வருகிறது. ஒருமுறை 'ரத்த ஒட்டத்தை' என்று ப்ரூஃப் வந்தது. சிவப்பு மையால் சுழித்து 'ஓட்டத்தை' என்று ஆக்கினேன். எழுத்துப்பிழை போயிற்று. பொய் அப்படியே மெஷினுக்குப் போயிற்று.

அந்த உறுத்தலில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

எனக்கு விருதுநகர். காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி வந்தால் எதிரே தெரிந்த முகம் பத்தாவது வரும். நடக்கிறவர்கள் பெருகியிருக்கிறார்கள், நல்ல காரியம். 2023 நவம்பர் 4 அன்று தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதை தொடங்கிய பிறகு, நடை அரசாங்கமே எழுதிக்கொடுக்கும் மருந்தாகவும் ஆகிவிட்டது. ஆனால் நடை பெருகப் பெருக ஒரு நம்பிக்கையும் கூடவே வளர்ந்துவிட்டது. "சும்மா நடந்தா பிரயோஜனம் இல்ல சார், மொதல்ல அதுக்குன்னு இருக்கிற ஷூவ வாங்குங்க" என்று எனக்குச் சொல்லாதவர் பாக்கி இல்லை. செருப்புக் கடையில் 'டாக்டர் செருப்பு' என்று ஒரு தனி ரகமே இருக்கிறது. படிக்காமல் பட்டம் வாங்கியது அது ஒன்றுதான்.

எதிர்த்தரப்பு சொல்வதை முதலில் கூட்டாமல் குறைக்காமல் எடுத்துவைக்கிறேன். அவர்கள் சொல்வது நான்கு. ஒன்று, அடிப்பாகம் தொட்டில்கட்டை போல வளைந்த ஷூவைப் போட்டால், ஒவ்வோர் அடிக்கும் உடம்பு தடுமாறி நிமிர்வதால் தசைக்கு வேலை கூடும், தொப்பை கரையும். இரண்டு, முள்முள்ளாக இருக்கும் அக்குபிரஷர் செருப்பும் காந்தம் பதித்த உள்ளட்டையும் பாதத்தின் நரம்புகளை எழுப்பிச் சர்க்கரையையும் பிரஷரையும் இறக்கும். மூன்று, மெத்தென்ற தனி ரக ஷூ முழங்காலைக் காக்கும். சாதாச் செருப்பில் நடந்தால் மூட்டு தேயும். நான்கு, இதெல்லாம் மெய்யோ பொய்யோ, போட்டவர்களுக்குச் சரியாகியிருக்கிறது, போட்டுப் பார்ப்பதில் என்ன நஷ்டம்? இந்த நாலாவதுதான் பலமான வாதம். மற்ற மூன்றும் அதன் தோளில் ஏறித்தான் நிற்கின்றன. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நானும் போட்டுப் பார்த்தேன்.

எனக்கு வயது ஐம்பத்தாறு. ஆறு வருஷமாகச் சர்க்கரை. வலது முழங்காலில் சாயங்காலம் ஆனால் ஒரு பிடிப்பு. வளைந்த அடி ஷூ ஒரு ஜோடி வாங்கினேன், நாலாயிரத்துச் சொச்சம். பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் ஒரு கடையில் அக்குபிரஷர் செருப்பு வாங்கினேன். "அண்ணாச்சி, இது சாதாச் செருப்பு இல்ல. கால்ல மாட்டினா நூறு டாக்டர் கூட வர்ற மாதிரி" என்று கடைக்காரர் சொன்னார். அந்த நூறு டாக்டரில் ஒருவரையாவது கேட்டுவிடலாம் என்று, செருப்பில் காலை நுழைப்பதற்கு முன் என் டாக்டரிடம் போனேன். அவர் மீன் நரம்பு போன்ற ஒரு நைலான் இழையை எடுத்து, என்னைக் கண்ணை மூடச்சொல்லி, பாதத்தில் அங்கங்கே அது வளையும் அளவுக்கு அழுத்தி, "தெரியுதா?" என்றார். எல்லா இடத்திலும் தெரிந்தது. "அப்ப போட்டுப் பாருங்க. எங்கயாவது தெரியலைன்னு சொல்லியிருந்தா அந்தச் செருப்பைத் தொடவே விட்டிருக்க மாட்டேன்" என்றார். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

மூன்றாவது, பள்ளிப் பிள்ளைகள் பி.டி. வகுப்புக்குப் போடும் வெள்ளைக் கேன்வாஸ். அதன் பெட்டியில் ஒரு நோயின் பெயரும் கிடையாது.

பன்னிரண்டு வாரம். தினம் முக்கால் மணி நேரம். முதல் இரண்டு வாரம் கேன்வாஸ், அடுத்த இரண்டு வளைந்த ஷூ, அடுத்த இரண்டு முள் செருப்பு. பிறகு அதையே திருப்பிப் போட்டு, முள், வளைவு, கேன்வாஸ். ஒவ்வொரு சாயங்காலமும் முழங்கால் வலிக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க். நடந்து முடித்ததும் நாடித்துடிப்பு. வாரம் ஒருநாள் வெறும்வயிற்றுச் சர்க்கரையும் எடையும். சாப்பாட்டை மாற்றவில்லை. விருதுநகர்க்காரன் எண்ணெய்ப் பரோட்டாவை விட்டுவிட்டேன் என்றால் யாரும் நம்பப்போவதில்லை. வாரம் ஒருமுறை என்ற கணக்கை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

ஆறாவது வாரம் முடிந்தபோது நோட்டைப் பார்த்துவிட்டு எனக்கே திக்கென்றது. முள் செருப்பு ஜெயித்திருந்தது. வலி குறைவு, சர்க்கரை குறைவு, எடை குறைவு. அங்கேயே நிறுத்தியிருந்தால் அந்தப் பொருட்காட்சிக் கடைக்கு என் போட்டோவோடு விளம்பரமே கொடுத்திருப்பேன். பன்னிரண்டாவது வாரம் முடிந்தபோது கேன்வாஸ் ஜெயித்திருந்தது. வளைந்த ஷூ இரண்டு தடவையும் நடுவில் வந்தது, நடுவிலேயே நின்றது. எது கடைசியில் வந்ததோ அது ஜெயித்திருக்கிறது. வாரம் ஏற ஏற வலி இறங்கியிருக்கிறது. காலில் எது கிடந்தது என்று அது கேட்கவே இல்லை. நாடித்துடிப்பில் மூன்றுக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

எங்கள் ஊர் கமிஷன் மண்டிகளால் வளர்ந்த ஊர். விளைவித்தவன் ஒருவன், விற்றுக்கொடுத்துக் கமிஷன் எடுப்பவன் இன்னொருவன் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். மண்டிக்காரராவது சரக்கை எடை போடுகிறார், கடன் கொடுக்கிறார், வாங்குபவரைக் கொண்டுவருகிறார். இந்தச் செருப்பு அதுகூடச் செய்யவில்லை. முக்கால் மணி நேரம் நடந்தது நான். கமிஷன் எடுத்தது அது.

காந்தத்தைத் தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது. என் தங்கை மகன் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். காந்த உள்ளட்டை இரண்டு ஜோடி வாங்கி அவனிடம் கொடுத்தேன். ஒரு ஜோடியில் காந்தத்தை நெம்பி எடுத்துவிட்டு, அதே அளவு வாஷரை வைத்து ஒட்டிவிட்டான். எது எது என்று அவனுக்கு மட்டும் தெரியும். வாரம் ஒன்றாக நான்கு வாரம் மாற்றி மாற்றிக் கொடுத்தான். இரண்டாவது வாரம் எனக்குச் சந்தேகமே இல்லை. பாதத்தில் ஒரு மெல்லிய சூடு பரவுவது தெரிந்தது, தூக்கம்கூட நன்றாக வந்தது. "மாப்ள, இதுதான்டா காந்தம்" என்றேன். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாமா, அது ஸ்ப்ளெண்டருக்குப் போடுற வாஷர்" என்றான்.

ஒரு ஆளின் ஒரு முழங்காலை வைத்து உலகத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது. எனக்கும் தெரியும். ஆனால் எதிர்த்தரப்பின் பலமான சாட்சியே 'எனக்குச் சரியாப்போச்சே' என்ற ஒரு முழங்கால்தானே? அதுவும் வரிசையைத் திருப்பிப் பார்க்காத முழங்கால். வாஷர் வைத்துப் பார்க்காத பாதம். பெரும்பாலும் ஒருவர் ஷூ வாங்கும் நாள்தான் அவர் நடக்கத் தொடங்கும் நாள். அன்றைக்குத்தான் டாக்டர் பயமுறுத்தியிருப்பார், சீனியைக் குறைத்திருப்பார், ராத்திரி பத்து மணிக்குப் படுக்க ஆரம்பித்திருப்பார். மூன்று மாதத்தில் உடம்பு தேறினால் வாசலில் கண்ணுக்குத் தெரிவது ஷூ ஒன்றுதான். பேர் அதற்குப் போய்விடுகிறது.

ஒர்க்‌ஷாப்பில் நாங்கள் செய்ததை அமெரிக்காவில் மேயோ கிளினிக் மருத்துவர்கள் முறையாகச் செய்து 2003-இல் வெளியிட்டிருக்கிறார்கள். குதிகால் வலிக்காரர்கள் 101 பேர். ஒரு தரப்புக்குக் காந்த உள்ளட்டை, மறு தரப்புக்குக் காந்தம் போலவே இருக்கும் போலி. எட்டு வாரம். இரண்டு தரப்பிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வலி பெரும்பாலும் தீர்ந்திருந்தது. காந்தத்துக்கென்று தனிப் பலன் ஒன்றும் அகப்படவில்லை. போலியைப் போட்டுக்கொண்டு குணமானவர்கள் பொய் சொல்லவில்லை. வலி நிஜமாகவே குறைந்தது. காரணம் சொன்ன இடத்தில்தான் தப்பு. 'எனக்குச் சரியாச்சு' என்பதை நான் மறுக்கவில்லை. 'இதனால்தான் சரியாச்சு' என்பதைத்தான் மறுக்கிறேன்.

இனி முதல் வாதம். வளைந்த அடி, தடுமாறும் தசை, கரையும் தொப்பை. இதன் கதை நம் ஊருக்கு வருவதற்கு முன்பே வெளிநாட்டில் நடந்து முடிந்துவிட்டது. 2010-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லா கிராஸ் வளாகத்தில் இப்படிப்பட்ட மூன்று பிராண்டு ஷூக்களைச் சாதாரண ஓட்டக் காலணியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தசையில் மின்வாய் ஒட்டி அளந்தார்கள். மூச்சையும் இதயத் துடிப்பையும் அளந்தார்கள். கூடுதல் உழைப்பும் இல்லை, கூடுதல் எரிப்பும் இல்லை. 2011 செப்டம்பரில் ரீபாக் கம்பெனி, வாடிக்கையாளர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர 2.5 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. பிட்டத் தசை 28 சதவீதம், கெண்டைக்கால் 11 சதவீதம் கூடுதலாக உறுதிப்படும் என்று அதன் விளம்பரம் புள்ளிவிவரம் பேசியிருந்தது. அதற்கு ஆதாரம் போதாது என்றது அமெரிக்க வர்த்தக ஆணையம். 2012 மே மாதம் ஸ்கெச்சர்ஸின் முறை: 4 கோடி டாலர். அந்தக் கம்பெனி காட்டிய ஓர் ஆய்வை நடத்தியவரின் மனைவி அதே கம்பெனியில் மார்க்கெட்டிங் பிரிவு அதிகாரி என்பதையும் ஆணையம் எடுத்துக்காட்டியது. இரு கம்பெனிகளும் தவற்றை ஒப்புக்கொள்ளாமல் சமரசத்தில் முடித்துக்கொண்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 28, 11 என்ற அந்த எண்களைக் கவனியுங்கள். 'தசை உறுதிப்படும்' என்றால் யோசிப்போம். '28 சதவீதம்' என்றால் யாரோ அளந்திருக்கிறார்கள் என்று நம்பிவிடுவோம். என் தொழிலில் எனக்குத் தெரிந்த ரகசியம் இது: லேபிளில் எண் ஒன்றைப் போட்டுவிட்டால் அதை யாரும் பிழை திருத்துவதில்லை.

நடைக்கே அப்படி ஓர் எண் இருக்கிறதே, தினம் பத்தாயிரம் அடி! 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது அது. 'மன்போ-கெய்' என்றால் பத்தாயிரம் அடி மீட்டர். 2019-இல் சராசரி வயது 72 ஆன பதினாறாயிரத்துச் சொச்சம் அமெரிக்கப் பெண்களிடம் பார்த்தபோது, நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500-க்கு மேல் பலன் கூடாமல் சமனாகிவிட்டது. இவர்கள் காலில் என்ன ஷூ கிடந்தது என்பது அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

இரண்டாவது வாதம் முள்ளும் புள்ளியும். என் கோபமெல்லாம் இங்கேதான். கடையில் ஒரே தட்டில் இரண்டு ரகம் அடுக்கியிருக்கும். ஒன்று எம்.சி.ஆர். செருப்பு, இன்னொன்று அக்குபிரஷர் செருப்பு. யாருக்கு என்று கேட்டால் இரண்டுக்கும் ஒரே பதில்: "சுகர் பேஷன்ட்டுக்கு அண்ணாச்சி." இந்தப் பதிலுக்குள் இருக்கும் விபரீதத்தைப் புரிந்துகொள்ள வேலூருக்குப் போக வேண்டும்.

பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரலும் பாதமும் நோயால் தானாக அழுகி உதிர்கின்றன என்று அதுவரை நம்பினார்கள். அவரும் சகாக்களும் கண்டது வேறு. நோய் நரம்பைக் கொன்று உணர்ச்சியை எடுத்துவிடுகிறது. பிறகு முள்ளும் கல்லும் சூடும் பாதத்தைத் தின்கின்றன. நமக்குச் செருப்பில் ஒரு கல் புகுந்தால் பத்தடியில் உதறிவிடுவோம். உணர்ச்சி போனவர் பத்து மைல் அதன்மேல் நடப்பார். அப்படியானால் வேண்டியது பாதத்தின் ஒரே இடத்தில் விழும் அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்பிவிடும் ஒரு மெத்தை. நுண்ணிய காற்றறைகள் நிறைந்த ரப்பர், அதாவது மைக்ரோ செல்லுலர் ரப்பர், எம்.சி.ஆர்., அதற்காக வேலூரிலும் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் உருவாகி நிலைபெற்றது. மேலே மெத்தென்ற எம்.சி.ஆர்.; கீழே முள் ஏறாத கெட்டி டயர் ரப்பர். ஆணி அடிக்கக் கூடாது, பசைதான். ஆணி தலைதூக்கிக் குத்தினாலும் போட்டிருப்பவருக்குத் தெரியாதே!

சர்க்கரையும் நாள்பட்டால் பாதத்தின் உணர்ச்சியை இப்படித்தான் எடுக்கிறது. சென்னை ராயபுரத்தில் உள்ள எம்.வி. நீரிழிவு மருத்துவமனை 2004-இல் வெளியிட்ட ஆய்வில், மெத்தை வைத்த சிகிச்சைக் காலணி போட்டவர்களில் 4 சதவீதம் பேருக்குப் புதுப் புண் வந்தது. வழக்கமான கெட்டிச் செருப்பே போட்டவர்களில் 33 சதவீதம் பேருக்கு வந்தது. ஆக, ஒரு செருப்பு உடம்புக்கு நன்மை செய்ய முடியும் என்பதற்கு நானே சாட்சி சொல்லத் தயார். ஆனால் அந்தச் செருப்பு சர்க்கரையை இறக்கும் என்று ராயபுரத்தில் யாரும் சொல்லவில்லை. தொழுநோயைக் குணப்படுத்தும் என்று கரிகிரியிலும் சொல்லவில்லை. புண் வராமல் தடுக்கும் என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள், அதைச் செய்து காட்டினார்கள்.

இப்போது அந்தத் தட்டைத் திரும்பப் பாருங்கள். எம்.சி.ஆர். அழுத்தத்தைப் பரப்புகிறது. அக்குபிரஷர் முள் அழுத்தத்தைப் புள்ளி புள்ளியாகக் குவிக்கிறது. ஒன்று மற்றொன்றின் நேர் எதிரி. இரண்டும் ஒரே நோயாளிக்கு நல்லது என்று சொல்கிறவர், மழைக்குக் குடையையும் ஓட்டையையும் சேர்த்து விற்கிறவர்.

என் பெரியம்மா ஒருத்தி, எழுபதைத் தாண்டியவள், பதினைந்து வருஷச் சர்க்கரை. அவள் மகன் ஆசையாக ஒரு முள் செருப்பு வாங்கிக் கொடுத்தான். "மத்தவங்கல்லாம் குத்துதுன்னு கழட்டிப் போட்டுட்டாங்க. எனக்கு ஒண்ணுமே தெரியலப்பா, அம்புட்டு சொகமா இருக்கு" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாள். குத்தாததுதான் வியாதி என்பது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை. பெருவிரலுக்கு அடியில் மொச்சைக்கொட்டை அளவு கொப்புளம் வந்து, உடைந்து, காலுறையில் கறை பட்ட பிறகுதான் பார்த்தோம். ஆற மூன்று மாதம் ஆயிற்று. விரல் தப்பியது. என் டாக்டர் நைலான் இழையால் குத்திப் பார்த்துவிட்டுச் சொன்ன வார்த்தையின் அர்த்தம் எனக்கு அன்றுதான் முழுசாக விளங்கியது. 'போட்டுப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?' என்ற கேள்விக்கு அந்தக் காலுறைதான் பதில். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100-க்கு 14 பேருக்குச் சர்க்கரை என்று ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்து 2023-இல் வெளிவந்த பெரிய ஆய்வு சொல்கிறது. இந்த நஷ்டம் எத்தனை வீட்டு வாசலில் காத்திருக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது, முழங்கால். இங்கே எதிர்த்தரப்புக்குப் பாதி மார்க் கொடுக்கிறேன். 2010-இல் சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களை நடக்கவிட்டு அளந்தபோது, முழங்காலில் விழும் சுமை சாதாரண ரப்பர் செருப்பிலும் தட்டையான மெல்லிய ஷூவிலும் வெறுங்காலுக்குச் சமமாக இருந்தது. 'ஸ்டெபிலிட்டி' என்று விற்கும் கெட்டி ஷூவில் கூடியது. ஆனால் 2021-இல் மெல்போர்ன் பல்கலைக்கழகம் 164 பேரை ஆறு மாதம் தொடர்ந்து பார்த்தபோது, தட்டை ஷூவைவிடத் தாங்கல் உள்ள உறுதியான ஷூ போட்டவர்களுக்கு வலி அதிகம் குறைந்தது. ஒன்று சுமையை அளந்தது, மற்றது வலியைக் கேட்டது, இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஆராய்கிறவர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கும் விஷயத்தில், நம் கடைக்காரருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இத்தனை நிச்சயம்? மெல்போர்னில் ஜெயித்தது சந்தையில் கிடைக்கும் சாதாரண உறுதியான ஷூ. காந்தமும் இல்லை, வளைவும் இல்லை, முள்ளும் இல்லை.

பாதத்தைக் கண்ணாடியில் நிற்கவைத்து ஸ்கேன் எடுத்து, "உங்க பாதத்துக்கு ஏத்த ஷூ இது" என்று கொடுக்கும் கடைகளும் வந்துவிட்டன. அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களில் பாதத்தின் வளைவைப் பார்த்து ஷூ கொடுத்த குழுவையும், எல்லாருக்கும் ஒரே ரகம் கொடுத்த குழுவையும் ஒப்பிட்டார்கள். அடிபடுவதில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. காலைக் கடிக்காத, விரலை நெரிக்காத, வழுக்காத ஷூவை உங்கள் காலே தேர்ந்தெடுக்கும். அதற்கு ஸ்கேன் எதற்கு?

இதைப் படித்துவிட்டு ஒருவர், "அப்ப வெறுங்கால்தான் சார் நல்லது, நம்ம தாத்தா காலத்துல செருப்பு ஏது?" என்று கிளம்புவார். அவருக்கும் என் மறுப்பு உண்டு. தாத்தா காலத்தில் வெறுங்கால் வழியாகத்தான் கொக்கிப்புழு ஏறி ரத்தத்தைக் குடித்தது. வெறுங்காலைப் போலவே நடக்கலாம் என்று ஐந்து விரல் வைத்த காலணி விற்ற விப்ரம் கம்பெனியும் 2014-இல் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொள்ள வேண்டிவந்தது. வெறுங்காலைக்கூட நூறு டாலருக்கு விற்கத் தெரிந்த உலகம் இது.

செருப்பு எதற்கு என்பதைச் சிவகாசிப் பக்கத்து வெடி ஆபீஸ் வாசலில் நின்று பார்த்தால் தெரியும். மருந்து அறைக்குப் போகிறவர்கள் செருப்பை வெளியே கழற்றி வரிசையாக விட்டுவிட்டு, வாசலில் இருக்கும் உலோகத் தகட்டை ஒருமுறை தொட்டுவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போவார்கள். இரும்பு ஆணி அடித்த காலணி உள்ளே வரக்கூடாது என்பது வெடிபொருள் விதி. ஆணி தரையில் உரசினால் பொறி. ரப்பர் அடி வேறு விதத்தில் ஆபத்து. உடம்பில் ஏறும் நிலைமின்சாரம் தரைக்கு இறங்க அது வழிவிடாது. வெறுங்கால் விடும். அங்கே செருப்பைப் பற்றிய ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் உண்டு, காரணம் தப்பினால் உயிர் போகும். சாயங்காலம் வேலை விட்டதும் அதே ஆட்கள், கணுக்கால் வரை அலுமினியப் பொடி வெள்ளி பூத்திருக்க, முதலில் தேடுவது செருப்பைத்தான். வெளியே வேன் நிற்கும் இடம்வரை சீமைக்கருவேல முள். உள்ளே கழற்றவும் வெளியே மாட்டவும் அவர்களுக்குக் காரணம் தெரியும். கரிகிரியிலும் ஆணி கூடாது, வெடி ஆபீஸிலும் ஆணி கூடாது. இரண்டு இடத்திலும் ஏன் என்று கேட்டால் ஒரே வாக்கியத்தில் பதில் வரும். 'ரத்த ஓட்டத்தைச் சீராக்கும்' என்ற வரியை ஏன், எப்படி என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த மாடலை எடுத்துக் காட்டுவார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் விளம்பரத் தடைச் சட்டத்தில் 'மருந்து' என்ற சொல்லுக்கு, உணவு தவிர, உடம்பின் அமைப்பையோ இயக்கத்தையோ மாற்றும் நோக்கமுள்ள எந்தப் பொருளும் என்று விளக்கம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் நீரிழிவும் ரத்த அழுத்தமும் உடல் பருமனும் இருக்கின்றன. அவற்றைக் குணப்படுத்தும் என்று விளம்பரமே செய்யக்கூடாது. நான் படித்த அளவில், சர்க்கரையைக் குணமாக்கும் என்று சொல்லிக்கொள்ளும் செருப்பு அந்த நிமிஷமே மருந்தாகிவிடுகிறது, குற்றமும் ஆகிவிடுகிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்திய ஆணையம் பொய் விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட முடியும். டாக்டர் பட்டத்தைப் பறிக்க வழி இருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

கேட்க வேண்டியவர்களில் நானும் ஒருவன். போன மாதம் ஒரு செருப்புப் பெட்டியின் ப்ரூஃப் வந்தது. 'சர்க்கரையைக் கட்டுப்படுத்த உதவும்' என்று ஒரு வரி. இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக, எழுத்துப்பிழை இல்லாத ஒரு வரிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, 'ஆதாரம்?' என்று எழுதி அனுப்பினேன். முதலாளி கூப்பிட்டுத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு நாளில் ப்ரூஃப் திரும்பி வந்தது. 'உதவும்' அடிக்கப்பட்டிருந்தது. மேலே நீல மையில் அழகாக, 'உதவலாம்'.

அந்த 'லாம்' இருக்கிறதே, அது எந்த நீதிமன்றத்திலும் பிடிபடாது. இலக்கணப்படி சரி. சந்திப்பிழை இல்லை, ஒற்று மிகவில்லை. கீழே கையெழுத்துப் போட்டு மெஷினுக்கு அனுப்பினேன். மறுநாள் காலை கேன்வாஸை மாட்டிக்கொண்டு தெப்பக்குளத்தைச் சுற்றப் போனபோது முழங்கால் வலிக்கவில்லை.